தனம் எண்ணிய பதினொன்று

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் பதிவுக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் தனத்தைப் பற்றி நோயாளிகளிடையே ஒரு பேச்சு இருந்தது. சாமியை வேண்டிக்கொள்ளாமல் அந்தப் பெண் யார் பெயரையும் பதியாது என்பார்கள். கண் சீட்டின் மேல் இருக்கும், உதடு லேசாக அசையும், அதற்குப் பிறகுதான் பெயரைத் தட்டுவாள். பண்ருட்டிப் பக்கமிருந்து மாதாமாதம் சர்க்கரைக்கு மருந்து வாங்க வரும் கொளஞ்சியம்மாள், பக்கத்துக் கவுன்டர் காலியாகக் கிடந்தாலும் தனத்தின் வரிசையில்தான் நிற்பாள்.

உண்மையில் தனம் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று வரைக்கும்.

சோனாங்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் அவள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் வலது கையின் பலத்தைக் கொண்டுபோய்விட்டது. இடது கை ஒன்றை வைத்துக்கொண்டே டைப் அடிக்கக் கற்றாள், அதுவும் இரண்டு கைக்காரர்கள் வாயைப் பிளக்கும் வேகத்தில். அப்படியும் நான்கு இடங்களில் கையைப் பார்த்ததுமே சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. 2008இல் இந்த வேலை கிடைத்தபோது, இங்கே கையைப் பற்றிய பேச்சே வரவிடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

வம்பு கம்ப்யூட்டரின் அந்தப் பதிவுப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கம் புதிதாகத் திறக்கும், ஆனால் கர்சர் எந்தக் கட்டத்திலும் நிற்காது. மற்றவர்கள் வலது கையால் மவுசை நகர்த்திப் பெயர்க் கட்டத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தனத்துக்கு இருக்கிற ஒரு கை கீபோர்டை விட்டு மவுசுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதனால் தட்டுக்கு ஓர் இடமாகத் தாண்டிப்போகும் டேப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தின் தலைமாட்டில் வேறு பக்கங்களுக்குப் போகும் பத்து சுட்டிகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டி, பதினோராவது தட்டில் பெயர்க் கட்டம். நடுவில் யாராவது எதையாவது கேட்டால் எண்ணிக்கை போச்சு. ஒருமுறை ஒரு தட்டு கூடிப்போய்ப் பெயர் அப்பா பெயருக்கான கட்டத்தில் விழ, புவனகிரிக்காரர் ஒருவர் தனக்குத் தானே தகப்பனாகிவிட்டார்.

மேனேஜர் ராமாமிர்தம் கெட்டவர் இல்லை. ஆனால் பத்து மணிக்கே வரிசை வாசல் கேட்டைத் தொட்டால் அவரும்தான் என்ன செய்வார்? மாதக் கடைசி வரை பார்க்கிறேன், வேகம் வரவில்லை என்றால் கவுன்டருக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தனம் பதினொன்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் பேச்சு கையில்தானே வந்து நிற்கும்.

அந்த மாதத்தின் கடைசி வாரம் டோக்கன் கோணலாக அச்சானது. சரிபார்க்கச் சிதம்பரத்திலிருந்து சிவசுப்ரமணியன் வந்தார். அந்தப் பக்கத்தைச் செய்தவரே அவர்தான். தனத்துக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று நோயாளிகள் போகும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒவ்வொருவருக்கும் என்ன ஸ்லோகம் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

ஏதாவது ஒரு சாமி பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அன்றைக்கு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"ஸ்லோகம்லாம் இல்ல சார். பதினொண்ணு எண்ணுறேன்," என்றாள். திரும்பிப் பார்க்காமலே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். "எங்கையால இவ்ளோதான் முடியுது."

சிவசுப்ரமணியன் ஸ்டூலை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க கை மேல தப்பு இல்லைங்க. தப்பு என்னுது. பக்கம் தெறந்ததும் கர்சர் பேர்க் கட்டத்துல போய் நிக்கணும்னு நான் ஒரு வரி எழுதியிருக்கணும். எல்லாரும் மவுஸ் புடிப்பாங்கன்னு நெனச்சிட்டேன்."

உள் அறைக்குப் போனவர் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து, திறந்து பார்க்கச் சொன்னார். தனம் திறந்தாள். பெயர்க் கட்டத்துக்குள் கர்சர் மினுக்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பியது ஒரு பக்கம் இருக்கட்டும். உன் கை மேல் தப்பு இல்லை என்று இருபத்து நான்கு வருடத்தில் அவளிடம் சொன்ன முதல் ஆள் அவர். அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், டீ சாப்பிடுறீங்களா சார் என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் பதினோரு மணிக்கே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சு காலி. வேறு ஆள் என்ற பேச்சை ராமாமிர்தம் அதன் பிறகு எடுக்கவே இல்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் கடைசி ஆளாகக் கொளஞ்சியம்மாள் வந்தாள். தனம் கண்மூடித் திறப்பதற்குள் பெயரை அடித்து டோக்கனை நீட்டினாள். அம்மாள் வாங்கவில்லை.

"ஏம்மா, எனக்கு மட்டும் இன்னிக்கி வேண்டிக்கலியா?"

அது வெறும் எண்ணிக்கை என்று சொல்லத்தான் தனம் வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். அம்மாளுக்குச் சர்க்கரை இறங்க வேண்டும் என்று கேட்டாள். சிதம்பரத்துக்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்றும் கேட்டாள். அவசரப்படுத்த வரிசையில் யாரும் இல்லை.