தம்புசாமி உடைத்த தேங்காய்கள்

பிரிக்பீல்ட்ஸ் இரும்புப் பட்டறையில் பதினாறு வருஷம் உலைக்குக் கரி அள்ளிப் போட்ட தம்புசாமியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு எழுத வேண்டியிருக்கிறது. பக்கத்து உலையில் நின்றவன் நான். அவன் செய்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அன்று கைதட்டிய இருநூறு பேருக்கும் உண்டு. ஆனால் அவர்கள் மறந்துவிட்டார்கள். மறதியில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது.

கிள்ளான் பக்கம் மேருவில் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்தபோது இந்தியாவிலிருந்து வந்தவன் அவன். அங்கே மனைவி வீரம்மா குளிர்காய்ச்சலில் போனாள். கைக்குழந்தை ஒன்பதாம் நாள் போனது. அதன் பிறகு தோட்டத்தில் இருக்கப் பிடிக்காமல் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். வேறு கலியாணம் பண்ணிக்கொள் என்று யாராவது சொன்னால், “எனக்கு ஒன்னும் வேணாம்லா” என்பான். சாப்பாட்டுக் கடையில் இரண்டாவது தோசையை வேண்டாம் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வான். அந்த மனிதனுக்கு வேண்டும் என்று ஒன்று வந்ததே சபாபதியால்தான்.

எங்கள் பட்டறைக்கு ஒரு பந்தாட்டக் குழு இருந்தது. இருந்தது என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுவோம். ஐந்து வருஷம் தொடர்ந்து கடைசி இடம். ஒருமுறை கிள்ளானுக்குப் போய் ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பியபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த நிலைமையில்தான் சபாபதி வேலைக்கு வந்தான். பதினெட்டு வயது. அப்பா இல்லை, பவுனம்மாளுக்கு ஒரே பிள்ளை. வார்ப்பு மணல் சலிக்கிற வேலை. அவனை ஆட்டத்தின் நடுவில், செண்டர் ஹாப்பாக நிறுத்தினார்கள். பந்து காலுக்கு வந்ததும் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பான். அடுத்த நிமிஷம் பந்து எங்கே போக வேண்டுமோ அங்கே போயிருக்கும். அதுவரை மாடு மேய்ப்பவர்கள் போல மைதானத்தில் திரிந்துகொண்டிருந்த எங்கள் ஆட்கள், வந்த பந்தை வாங்கி கோல் போடவும் கற்றுக்கொண்டார்கள்.

முதல் வருஷம் நாலாவது இடம். அவ்வளவுதான், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாவிதர் சபாபதிக்குச் சும்மா முடி வெட்டினார். தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு, இவனுக்கு இருபது வயசு ஆகட்டும், சிங்கப்பூர்க்காரனே நம்மிடம் வந்து பாடம் படிப்பான் என்று அளந்தோம். தம்புசாமியோ வாய் திறந்து பேசவே ஆரம்பித்துவிட்டான். தினமும் அவித்த முட்டை இரண்டை வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்து சபாபதியிடம் கொடுப்பான். அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பான். பவுனம்மாள்கூட, “என் மவனுக்கு அப்பன் வந்துட்டாரு” என்று கேலி செய்வாள். தம்புசாமிக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

அடுத்த வருஷம் ஈயத்தின் விலை விழுந்தது, ரப்பர் விலையும் விழுந்தது. எங்கள் பட்டறை ஈயச் சுரங்கங்களுக்குத்தான் சாமான் வார்த்துக்கொண்டிருந்தது. தோட்டங்களில் வேலை போனவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஆட்குறைப்பு வரும் என்று பேச்சு வந்தது. பந்தாட்டக் குழுவுக்குச் செயலாளராக இருந்தவர் பட்டறையில் கணக்கு எழுதும் கிராணி கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் துரை சொன்னதை எங்களுக்கு வந்து சொன்னார். அந்த வருஷக் கோப்பைப் போட்டியை வென்றால் ஆட்டக்காரர் பதினொரு பேருக்கும் வேலை நிலைக்கும். வெல்லாவிட்டால் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் போவார்கள். சபாபதி கடைசியாகச் சேர்ந்தவன்.

நவம்பர் மாதம் அரை இறுதி ஆட்டம். முடிய இருபது நிமிஷம் இருக்கிறது, நாங்கள் ஒரு கோல் பின்னால். தம்புசாமி கோட்டோரத்துக்கு ஓடினான். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, மைதானமே கேட்கும்படி கத்தினான்.

“முருகா! இந்த ஆட்டத்த ஜெயிச்சுக் குடுத்துடு. சபாபதி பத்துமலைக்குக் காவடி எடுத்து வருவான்!”

நாங்கள் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். பிள்ளைக்காகத் தாயும் தகப்பனும் வேண்டிக்கொள்வதும், பிள்ளை காவடி எடுப்பதும் எங்களிடம் உள்ள வழக்கம்தான். தம்புசாமி அந்த உரிமையைத் தானே எடுத்துக்கொண்டான். இவன் யார் அவனுக்கு என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருபது நிமிஷத்தில் இரண்டு கோல் போட்டு ஜெயித்ததும் வேண்டுதலின் சக்தியைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசினோம்.

இறுதி ஆட்டம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மழை விடாமல் பெய்து, ஆறு பெருகி, மைதானம் தண்ணீரில் கிடந்தது. ஆட்டத்தைத் தைப்பூசம் கழித்து எட்டாம் நாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

கனகசபை கொதித்துப் போனார். “தம்புசாமி, நீர் என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறீர்? இந்தப் பெடியன் பட்டினி கிடந்து, வெறுங்காலோட அவ்வளவு தூரம் நடந்துபோட்டு வந்து என்னெண்டு விளையாடுவான்? வாற வருஷம் எடுக்கட்டும். முருகன் எங்கையும் ஓடிப் போகமாட்டார்.”

பவுனம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “ஜெயிக்க வச்ச சாமிகிட்ட அடுத்த வருஷம் வரேன்னு சொல்றதாங்க கிராணி? அப்புறம் கப்பு வேணும்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறது?”

எங்களுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. சபாபதியிடம் யாரும் கேட்கவில்லை. “எடுக்கிறேன்ணே” என்று அவனாகவே தம்புசாமியிடம் சொன்னான். முட்டையை நிறுத்தினான். ஒரு வேளைச் சோற்றோடு விரதம் இருந்தான்.

தைப்பூசத்தன்று எங்கள் ஆர்ப்பாட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாமிக்குப் போட்ட கோஷத்தைவிடச் சபாபதிக்குப் போட்டது அதிகம். காவடிக்கு முன்னால் உடைக்கத் தம்புசாமி இரண்டு சாக்குத் தேங்காய் வாங்கியிருந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓங்கி ஓங்கித் தரையில் அடித்தான். அவன் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன். வீரம்மா இறந்த பிறகு அவன் கேட்ட முதல் வரம் அது, கிடைத்தும்விட்டது, சிரிக்காமல் என்ன செய்வான்? தேங்காய்த் தண்ணீரும் ஓட்டுச் சில்லுகளும் சிதறிக் கிடந்த சாலையில் காவடியைச் சுமந்துகொண்டு சபாபதி ஆடி வந்தான். கீழே பார்த்து நடக்கிற நிலையில் அவன் இல்லை.

மலை ஏறி இறங்கிக் காவடியை இறக்கிய பிறகுதான் காலைப் பார்த்தோம். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு ஓட்டுச் சில்லு. தம்புசாமி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மஞ்சளும் திருநீறும் அப்பித் துணியால் கட்டினான்.

“சாமிக்கு நடந்த காலு. மூணு நாள்ல ஆறிடும். கிராணி காதுல மட்டும் விழ வேணாம், ஆட்டத்துலேருந்து எடுத்துடுவாரு.”

ஆறவில்லை. எட்டாம் நாள் வீங்கிய காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு சபாபதி மைதானத்துக்கு வந்தான். எதிரில் கிள்ளான்காரர்கள். பத்தாவது நிமிஷத்தில் அவன் கொடுத்த பந்தில் எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. தொப்பிகள் எல்லாம் மேலே பறந்தன. அதற்குப் பிறகு அவன் ஓடவில்லை. பந்து பக்கத்தில் போனாலும் நின்ற இடத்தில் நின்று பார்த்தான். மாற்று ஆள் இறக்குகிற வழக்கம் அப்போது இல்லை. “ஓடுடா!” என்று கத்தினோம். விவரம் தெரிந்த நானும் கத்தினேன். மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

மைதான ஓரத்தில் கனகசபை மண்டியிட்டு அவன் பூட்ஸைக் கழற்றினார். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. அவர் தலை தூக்கித் தம்புசாமியைப் பார்த்தார்.

“எத்தனை நாளாய்?”

“எட்டு நாளுங்க, கிராணி.”

துரை சொன்ன வார்த்தையில் மாறவில்லை. அடுத்த வாரம் வேலையில் நீடிக்கிறவர்களின் பெயர்ப் பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். சபாபதி பேர் அதில் இல்லை. அவன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். வலது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். தம்புசாமி கனகசபையின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

“என் பேர அடிச்சிட்டு அவன் பேர எழுதுங்க, கிராணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நான் துரையிட்டைக் கேட்டுப் பாத்துட்டன், தம்புசாமி. உலைக்கு ஆள் வேணுமாம். நொண்டிற பெடியன் வேண்டாமாம். நீர் போய் வேலையைப் பாரும்.”

அவன் போய் வேலையைப் பார்த்தான். அன்று முழுவதும் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பவுனம்மாளும் சபாபதியும் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். வேறு வழி என்ன? சபாபதி இங்கேயே, சுங்கை பூலோவில் பிறந்தவன். ஊர் என்று தாய் சொன்ன இடத்தை அவன் கண்ணால் கண்டதே இல்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம்வரை போனோம். தம்புசாமி முட்டை அவித்து இலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். சபாபதி அதை வாங்கிக்கொண்டான். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ரொம்ப நாளாகப் புரியாத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டான்.

“அண்ணே, அன்னைக்கு நானே எடுக்கிறேன்னு நீங்க ஏன் வேண்டிக்கல? உங்க காலு நல்லாத்தானே இருந்திச்சு?”

பவுனம்மாள் கூப்பிட்டாள். சபாபதி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி கப்பலில் ஏறினான்.

திரும்பி வரும்போது, ரயில் கிள்ளானைத் தாண்டுவதற்குள் எங்கள் ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள். பட்டறைக் குழுவுக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறானாம், செந்தூல்காரனாம், இடது காலில் என்ன அடி அடிக்கிறானாம். ஒரு வருஷம் பொறுங்கள், கப்பு நமக்குத்தான் என்றார்கள். பொய் சொல்லப் போவதில்லை, எனக்கும் நெஞ்சுக்குள் குறுகுறுத்தது. அவன் பேர் என்ன என்று கேட்கக்கூட வாயெடுத்தேன்.

எங்களில் ஒருவன் தம்புசாமி பக்கம் திரும்பினான். “தம்புசாமி அண்ணே, நீங்க ஒரு வார்த்த வேண்டிக்கங்க. உங்க வேண்டுதல் பலிக்கும்லா.”

தம்புசாமி ஜன்னலுக்கு வெளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவன் பேர மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்கடா” என்றான். “தெரிஞ்சா நான் ஆசப்பட்டுடுவேன்.”