கதண்டுக் கொட்டும் சர்க்கரை உருண்டையும்

அன்று காலை என் சிறுநீர் கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் போயிற்று. ஹோமியோபதி மருந்து சாப்பிடுகிறவர் காப்பி குடிக்கக் கூடாது என்பது விதி. முந்தைய நாள் மதியத்திலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்தவனுக்கு இப்படி ஒரு நிறம் வந்தது வேடிக்கையாகத்தான் இருந்தது. பயம் பிறகு வந்தது.

கதண்டு கொட்டியவர்களுக்காகவும், அவர்கள் வீட்டாருக்காகவும், முதலுதவிப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

திருமயத்தில் என் வீடு. துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலமும் வரப்பில் சில பனைகளும் உண்டு. முந்தைய நாள் காலை ஒரு குட்டைப் பனையில் காய்ந்த மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தொரட்டியால் இழுத்தேன். மட்டையோடு கூடும் வந்தது. கதண்டு (கூட்டமாக வந்து கொட்டும் பெரிய குளவி) தலை, பிடரி, முதுகு என்று ஒரு இடம் விடவில்லை. துண்டால் தலையை மூடிக்கொண்டு ஓடி, எப்படியோ ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தேன்.

கதண்டு கொட்டி இறந்தவரின் குடும்பம் நிவாரணம் கேட்டால் விண்ணப்பத்தோடு என்னென்ன சான்று இணைக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். கொட்டு வாங்கியவர் இறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற கோப்பு என் மேசைக்கு வந்ததே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ஹோமியோபதி படித்தேன். தபால் வழிப் பாடம், இரண்டு தடித்த புத்தகங்கள், சிறுசிறு குப்பிகள் அடுக்கிய ஒரு பெட்டி. அடிபட்டால் ஆர்னிகா, ஆணி குத்தினால் லீடம், அதிர்ச்சிக்கு அகோனைட், பூச்சி கொட்டினால் ஏபிஸ். ஏபிஸ் தேனீயிலிருந்து செய்வது. நோயை உண்டாக்குவதே நோயைத் தீர்க்கும் என்பது அந்த வைத்தியத்தின் அடிப்படை. கதண்டுக்குத் தேனீ எப்படியும் பங்காளிதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

முறை தவறவில்லை. ஏபிஸ் ஊறிய சர்க்கரை உருண்டையைக் கையால் தொடாமல் மூடியில் தட்டி, நாக்கின் அடியில் போட்டுக் கரைய விட்டேன். பிறகு என்னையே கவனித்தேன். வலி எரிகிறதா, குத்துகிறதா, குளிர்ந்த துணி வைத்தால் அடங்குகிறதா, வலப்பக்கம் கூடுதலா? இந்தக் கேள்விகள் எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் மனுதாரரை யாரும் இவ்வளவு அக்கறையாக விசாரித்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி சிவகாமி ஆட்டோவுக்குப் போன் செய்யக் கிளம்பினாள். நான் தடுத்தேன். மாலையில் முகம் வீங்கியது. வாந்தி வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. நல்ல குறி என்று அவளுக்கு விளக்கினேன். மருந்து சரியாகப் பொருந்தினால் நோய் முதலில் சற்று ஏறித்தான் இறங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது, பக்கத்தையும் காட்டினேன். அவள் பக்கத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

“ஒங்களுக்குக் கண்ணே தெரியல, இவ்வளவு வீங்கிக் கெடக்கு. இதுல என்னத்தப் படிச்சுக் காட்டுறீங்க?”

காலையில் அந்த நிறத்தைப் பார்த்ததும் மறுபடியும் புத்தகத்தைத்தான் எடுத்தேன். கறுத்த சிறுநீருக்கு ஒரு மருந்து இருந்தால் போட்டிருப்பேன். பல மருந்துகள் இருந்தன. எதைத் தேர்வது என்று தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சிவகாமி என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். பிற்பகலில் வந்த மருத்துவர் இளம்பெண். கதண்டு விஷம் தசைகளைச் சிதைத்திருக்கிறது, அந்தச் சிதைவு சிறுநீரகங்களில் போய் அடைத்திருக்கிறது என்றார். கிரியாட்டினின் (தசையின் கழிவு, சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்குவது) வெகுவாக ஏறியிருந்தது. சிறுநீரகங்கள் மீளலாம், மீளாமலும் போகலாம். மீளும்வரை டயாலிசிஸ் (சிறுநீரகத்தின் வேலையை வெளியே ஓர் இயந்திரம் செய்வது) தேவைப்படும்.

நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்டார். நோய் ஏறி இறங்கும் விதியைச் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“கொறைஞ்சா கொணமாகுதுன்னு அர்த்தம். கூடுனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்ப என்ன நடந்தா சார் நீங்க ஆஸ்பத்திரிக்கு வருவீங்க?”

கேலி என்று தள்ள முடியாத கேள்வி அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பார்த்த எந்த விதித்தொகுப்பிலும், எந்த நிலையில் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். என் பெட்டிக்கு அந்த வரியை நான் எழுதிக்கொள்ளவில்லை.

கழுத்து நரம்பில் குழாய் வைத்தார்கள். என் ரத்தம் வெளியே போய், ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப உள்ளே வருவதைப் படுத்தபடி பார்த்தேன். திரும்பி வரும்போது குளிர்ந்தது. பல் கிட்டித்தது. இத்தனை வருடங்கள் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்த இரண்டு உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்றுகூட நான் சரியாக யோசித்ததில்லை.

அங்கே ஒன்று புரிந்தது. கொட்டிய இடமெல்லாம் கத்தியது. நான் அதைத்தான் விசாரித்தேன். சிறுநீரகம் கத்தவில்லை. அது இருக்கும் விலாவடியில் தனியாக ஒரு சுருக்கில்லை, எரிச்சலில்லை. நோயாளி சொல்லும் குறிகளை வைத்தே நடக்கும் வைத்தியத்தில், வாய் திறக்காத உறுப்பை எந்தக் கேள்வி கேட்டுப் பிடிப்பது? அந்த உருண்டைகள் கெடுதல் செய்திருக்காது என்றுதான் மருத்துவரும் சொன்னார். அவை கரையும்வரை காத்திருந்த நேரத்தில்தான் விஷம் தன் வேலையைச் செய்தது.

படுக்கைக்கு அடியில் சிறுநீர்ப் பை தொங்கும். செவிலியர் வந்து அளவு பார்ப்பார். பல நாட்கள் அது வற்றிய கண்மாயாகவே கிடந்தது. வார்டில் பொழுது கடிகாரத்தால் நகரவில்லை. பையில் என்ன ஏறியிருக்கிறது என்பதால் நகர்ந்தது. சிவகாமி குனிந்து பார்ப்பாள், நிமிர்வாள். அவள் முகத்தை நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

ஒரு நாள் பை பாதி நிறைந்திருந்தது. கோவையில் இருக்கும் எங்கள் மகளுக்கு அவள் போன் செய்த குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

“அப்பா ஒண்ணுக்குப் போயிட்டாகடி. ஆமா, நெறையா.”

எதிர்ப் படுக்கைக்காரர் எனக்குக் கும்பிடு போட்டார். பதவி உயர்வு வந்தபோதுகூட இப்படி யாரும் வாழ்த்தியதில்லை.

டயாலிசிஸ் நின்றது. வீடு திரும்பினேன். பேரன் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அழுகை நிற்க இப்போதும் ஓர் உருண்டை கொடுக்கிறேன், இனிப்புதானே. கதண்டோ பாம்போ என்றால் பெட்டி இருக்கும் பக்கமே திரும்பாதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள். மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, வலி அடங்கிவிட்டது என்று தோன்றினாலும் போங்கள். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள்.

சிறுநீரகங்கள் முழுதாகத் தேறிவிட்டனவா என்பதை அவ்வப்போது பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துத்தான் அறிய வேண்டும். சென்ற முறை ரத்தம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பசித்தது, நடை இலகுவாக இருந்தது, எங்கும் வலியில்லை. மகள் போனில், உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். முன்பென்றால் தலை முதல் கால் வரை அறிக்கை வாசித்திருப்பேன்.

“தெரியலம்மா,” என்றேன். “சாயந்தரம் சொல்லுவாங்க.”