பத்திரம் வாசிக்கிற பேச்சு

போன வாரம் அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாணம். மைக்கைப் பிடித்தவர் மாப்பிள்ளையைச் சூரியன் என்றார், சிங்கம் என்றார், விடவே இல்லை. "பத்திரம் வாசிக்கறான் பாரு" என்றேன். பக்கத்தில் இருந்த மருமகள், "என்ன பத்திரமுங்க அத்தே?" என்று விழித்தாள். ஊதிப் பெருக்கிய பேச்சுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர் என்றேன். அது எப்படி வந்தது என்று கேட்டாள். ரசம் வருகிறது, இலையைப் பார் என்று சொல்லித் தப்பித்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

நான் பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டர் வந்தால் அவரைப் புகழ்ந்து உபசாரப் பத்திரம் என்று ஒன்று வாசிப்பார்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மாலை போட்ட மாதிரி இருக்கும். அப்பா அதைக் கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தார். மரியாதை என்றால் இதுதான் என்று அவருக்குப் பதிந்துவிட்டது.

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வாத்தியாரிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கி, கட்டுத்தரையில் எருமைகளுக்கு முன்னால் நின்று பழகினார். எருமைகள் பொறுமையாகக் கேட்டன.

வந்தவர்கள் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "மகா கனம் பொருந்திய, திக்கெட்டும் கீர்த்தி பரப்பிய..."

மாப்பிள்ளையின் மாமன் செருமினார். "ஏனுங்க, ஊடு மாறி வந்துட்டமாட்ட இருக்குதுங்களே!"

சிரிப்பு. அப்பா நிறுத்தவில்லை. "சரஸ்வதி கடாட்சம் பெற்று, சகல சாஸ்திரமும் கற்ற எமது குமாரத்தி..."

மோர்ச் செம்போடு கதவோரம் நின்றிருந்தேன். நான் கற்ற சாஸ்திரம் அரிச்சுவடியோடு சரி.

மாப்பிள்ளையின் அம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள். "எங்கூட்ல படிச்ச பொம்பளையே இல்லீங்க. மிச்சத்தப் புள்ளயே படிக்கட்டும். வா சாமி."

காகிதம் கைக்கு வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பிறகு நிமிர்ந்து, "எனக்குக் கூட்டத்தானுங்க தெரியும். முழுசும் படிச்சா பொழுது உழுந்துருமுங்க" என்றேன்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பா மேல்துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "சொல்லி உடறமுங்க" என்று எழுந்து போனார்கள். சொல்லி விடவே இல்லை.

அதற்கப்புறம் சந்தையில் யாராவது தன் மாட்டைக் கொஞ்சம் கூட்டிப் பேசினால், "பத்திரம் வாசிக்காதீங்க" என்பார்கள். அப்பா வந்தால் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். அது இன்னும் மோசம்.

அடுத்த வருஷம் வேறு இடத்திலிருந்து வந்தார்கள். பெண் எப்படி என்று அப்பாவைக் கேட்டார்கள். "நீங்களே பாத்துக்குங்க" என்றார். அந்த இடமே எனக்கு அமைந்தது.

என்னைத் தவிர அந்தக் கிண்டலைச் சொல்ல இப்போது ஆளில்லை. அப்பாவும் இல்லை. என்னைப் பற்றி நல்லதாக, சின்னதாக ஒரு வார்த்தைகூட, அன்றைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவே இல்லை.