அக்கா சூடாக்கிய வெறும் குழாய்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. "காலேஜ்ல உங்க அக்கா இன்னாதான் பண்ணிக்கினு இருந்தாங்க?" என்று இன்னும் கேட்கும் உறவினர்கள் உண்டு. அக்காவுக்கு கேஸ் சிலிண்டர் ஏஜென்சியில் வேலை என்றே கடைசிவரை நம்பிய சித்தப்பாவுக்கும் சேர்த்து இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

ஏனாத்தூரில் கொத்தனாராக இருந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் குடும்பத்தில் வேதியியல் ஆய்வுக்குப் போன முதல் ஆள் அவர்தான். எரிவாயுவைக் குழாயில் விட்டுக் கடுமையாகச் சூடாக்கினால் அது உடைந்து, பிளாஸ்டிக் செய்ய உதவும் வாயுக்களாகும். கூடவே கரியும் படியும். குறைந்த சூட்டிலேயே வாயுவை உடைக்கும் வினையூக்கித் தூள் ஒன்றை அக்கா உருவாக்கியிருந்தார். ஐந்து ஆண்டு உழைப்பு. ஆய்வேட்டைக் கொடுப்பதுதான் பாக்கி.

கொடுக்க இருந்த வாரம் அவருக்கு ஒரு சந்தேகம். தூள் போடாமல் வெறும் குழாயைச் சூடாக்கி வாயுவை விட்டார். ஏறக்குறைய அதே அளவு உடைந்தது. குழாய் புதிதாக இருந்தபோது இதே சோதனையில் ஒன்றும் நடக்கவில்லை. படிந்த கரியை ஒவ்வொரு முறையும் காற்று விட்டு எரித்ததில், குழாயின் எஃகில் கலந்திருந்த நிக்கல் உலோகம் மேலே வந்து, உட்சுவரே வினையூக்கியாகிவிட்டது. தூளின் சாதனை என்று எழுதியதில் பெரும்பங்கு சுவருடையது.

"யாருக்குக்கா தெரியப் போவுது? குடுத்துடு," என்றேன்.

"நான் பார்த்துட்டேனே. தெரிஞ்சிக்கினே எப்புடிடா கையெழுத்து போடுறது?"

அப்பாவுக்கு அப்போது டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. "எவ்ளோ நாள் ஆவும்மா?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு வருஷம்பா."

"சரி, செய்மா."

வினையில் கலக்காத குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய் வாங்கி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். பட்டம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு அப்பா காலமானார். பதினாறாம் நாள், பந்தியில் உறவினர்கள் உட்கார்ந்திருக்க, "உன் பிடிவாதத்தாலதான் அப்பா பார்க்காமயே போனாரு," என்றேன். அக்கா சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.

தூளின் உண்மையான பலன் சிறியது என்றே ஆய்வேட்டில் எழுதிப் பட்டம் பெற்றார். பிறகு ஆசிரியரானார். அக்கா நோயில் கிடந்த கடைசி ஏழு மாதமும் முறைபோட்டு வந்து பார்த்துக்கொண்ட அவருடைய மாணவர்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அன்று பந்தியில் இருந்த எல்லோர் கைக்கும் இந்த மலர் வரும். நான் சொன்னது தவறு. அக்கா செய்தது சரி. இதை அவரிடமே சொல்ல எனக்குப் பதினோரு ஆண்டுகள் இருந்தன.