மண்டோர் வீட்டுக் கல்யாணத்தை நிறுத்திய சண்டை

சென்ற வாரம் சுங்கைப் பட்டாணியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். குளித்துவிட்டு நேராக வந்திருப்பார் போல. கழுத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் திட்டுத்திட்டாக நின்றது. கைப்பேசியைச் சம்பல் கிண்ணத்தில் சாய்த்து வைத்து, கடை முழுக்கக் கேட்கும்படி போர்க்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ ஓர் ஊரில் மாடி வீடு ஒன்று பொலபொலவென்று சரிந்தது. ரொட்டி சானாயைப் பருப்பில் தோய்த்தபடி, "இன்னும் ரெண்டு போட்டா அடங்கிருவானுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. திரையை விரலால் தள்ளினார். வேறொரு நாட்டுத் தெருவில் மாணவர்கள் கல்லெறிந்துகொண்டிருந்தார்கள். பட்டாளத்தை விட்டுச் சுடவேண்டும் என்று அதற்கும் ஒரு தீர்ப்பு. அதற்குள் தே தாரிக் கொண்டுவந்த பையனின் செம்பட்டை அடித்த முடி கண்ணில் பட்டுவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் உருப்படமாட்டார்கள் என்று அதையும் சொல்லி முடித்து விரலை நக்கினார்.

நான் மேசை மாறி உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பவுடர் வாசம் விடவில்லை. எங்கள் எஸ்டேட் மண்டபத்தின் வாசம் அது.

செர்டாங்கிலிருந்து பண்டார் பாரு போகும் பக்கம், பாதி ரப்பர் பால்மரமும் பாதி எண்ணெய்ச் செம்பனையுமாக இருந்த எஸ்டேட். மண்டபத்தில் பொது டிவி ஒன்று, பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள். சாவி மண்டோர் கோவிந்தசாமியிடம். வேலைக்காரர்களுக்கு மேலே, துரைக்குக் கீழே நின்று வேலை வாங்குகிறவர் மண்டோர். சாயங்காலம் ஆண்கள் குளித்து, பவுடர் அடித்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு செய்தி பார்க்க வருவார்கள். செய்தி மலாயில் ஓடும். பாதி புரியாது. புரியாத பாதியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

வளைகுடாவில் சண்டை மூண்ட வருஷம் அது. சண்டை நடந்த நாட்டைப் பற்றி எங்கள் எஸ்டேட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிருந்து பேரீச்சம்பழம் வரும் என்பது மட்டும். அதுவும் சரிதானா என்று இன்றுவரை நான் விசாரித்ததில்லை. நானும் பெரிய அறிவாளி இல்லை. பிறை ஊர்ப் பக்கம் கிலாங் என்கிற ஒரு தொழிற்சாலையில் ரேடியோவுக்குள் வைக்கிற பொடிச் சாமான்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த ரேடியோ எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் பக்கத்து நாற்காலியில் மண்டோர் மகள் புஷ்பா. விடியும் முன்னே வரும் தொழிற்சாலை பஸ்ஸில் ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கிப் போவோம்.

புஷ்பாவுக்கும் தனபாலனுக்கும் கார்த்திகையில் பரிசம் போட்டிருந்தார்கள். தனபாலன் செர்டாங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தான். அவனுடைய அப்பா வீராசாமி எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர், மண்டோரின் சிநேகிதர். சிநேகிதர்கள் சம்பந்திகளாகப் போகிறார்கள் என்று ஊரே சந்தோஷப்பட்டது. சித்திரையில் எஸ்டேட் கோயிலில் கல்யாணம்.

தை மாதம் குண்டு விழ ஆரம்பித்தது, அங்கே. இங்கே மண்டபத்தில் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து உட்கார ஆரம்பித்தார்கள். மண்டோர் அமெரிக்கா பக்கம். வீராசாமி எதிர்ப்பக்கம். மேலேயிருந்து பொத்தானை அமுக்கினால் போதும், ஒரு வாரத்தில் கதை முடிந்துவிடும் என்பார் மண்டோர். மண்ணில் இறங்கி வரட்டும், அப்போது தெரியும் என்பார் வீராசாமி. இருவரும் ஜப்பான்காரன் ஆண்டுவிட்டுப் போன பிறகு பிறந்தவர்கள். துப்பாக்கி என்றால் காட்டுப்பன்றி சுட வருகிறவர் தோளில் பார்த்ததுதான். ஆனால் பேச்சைக் கேட்டால் இவர்கள் உத்தரவுக்காக இரண்டு சேனைகளும் காத்து நிற்பதாகத் தோன்றும்.

அந்த நாட்களில் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக் குழாயில் செம்மண் நிறத்தில்தான் தண்ணீர் வந்தது. துணியை ஊறப் போட்டால் வேட்டி காவியாகும். அதைப் பற்றி மண்டபத்தில் யாருக்கும் கருத்து இருக்கவில்லை. குண்டு விழுந்த ஊரில் தண்ணீருக்கு மக்கள் படும் பாட்டை டிவியில் காட்டியபோது மட்டும் உச்சுக்கொட்டினார்கள்.

ஒரு சாயங்காலம் குண்டு ஒன்று கட்டடத்தின் உச்சியிலிருந்த துவாரத்துக்குள் நேராக இறங்குவதைக் காட்டினார்கள். மண்டோர் கைதட்டினார். வீராசாமி எழுந்தார்.

"தொர காலை நக்கி மண்டோர் ஆனவன் இல்லையா நீ, கைதட்டத்தான் செய்வ" என்றார்.

போருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். சம்பந்தம் இதுதான்: பல வருஷங்களுக்கு முன் அந்த மண்டோர் வேலைக்கு இருவருமே ஆசைப்பட்டார்கள். அதை நேராகப் பேச இருவருக்கும் துப்பில்லை. தூரத்தில் யாரோ செத்துக்கொண்டிருந்தது பேச வசதியாகப் போயிற்று.

செருப்பு பறந்தது. பெஞ்சு கவிழ்ந்தது. லயத்து ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் புகுந்தார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்து ஒருவருக்கு நெற்றியில் தையல். செர்டாங்கிலிருந்து போலீஸ் ஜீப் வந்தது. மலாய்க்கார சார்ஜண்ட் எதற்காகச் சண்டை என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ, "பெராங், துவான்" என்றார்கள். போர் காரணமாக, ஐயா. சார்ஜண்ட் எந்தப் போர் என்று கேட்டார். யாரோ டிவியைக் கைகாட்டினார்கள். அவர் டிவியை ஒரு பார்வை பார்த்தார், எங்கள் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பா அருவருப்பா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. எதுவானாலும் நியாயமே.

மறுநாள் பரிசத்தட்டு திரும்பிப் போனது. புஷ்பா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டில் மேல் இருந்த பரிசப் பட்டுப்புடவை இல்லை. அப்பாவிடம் போய் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஊரு எங்கப்பா இருக்கு?"

அறைந்துவிட்டார். கன்னத்து வீக்கத்தோடு பஸ்ஸில் ஏறியவள் என்னிடம் அழவில்லை. சண்டை ஓய்ந்ததும் இவர்களும் ஓய்ந்துவிடுவார்கள், அதுவரை பொறுப்போம் என்று தனபாலன் சொன்னதாகச் சொன்னாள். இருவரும் அப்படியே காத்திருந்தார்கள். அதுவரை செய்தி பக்கமே போகாதவள், மண்டப ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். எஸ்டேட்டிலேயே அந்தப் போர் முடியவேண்டும் என்று நிஜமாக விரும்பியவள் அவள் ஒருத்திதான்.

போர் முடிந்தது. மண்டோர் தான் ஜெயித்ததாக லயம் லயமாகப் போய்ச் சொன்னார். வீராசாமி இன்னும் முடியவில்லை, இருந்து பாருங்கள் என்றார். கல்யாணப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை.

புஷ்பா அப்பாவின் கையெழுத்து தேவைப்படும் வயதைத் தாண்டியிருந்தாள். பதிவு இலாகாவில் பெயர் கொடுத்து, நாள் வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை போனோம். சாட்சிக்கு நானும் பட்டறை முதலாளி சீனரும். என் புடவையைத்தான் கட்டியிருந்தாள். உயரம் போதாமல் கணுக்கால் தெரிந்தது. தனபாலன் கையை எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. பிறகு எதிர்க்கடையில் மீ கோரேங் சாப்பிட்டோம். புஷ்பா பாதியில் நிறுத்திவிட்டு, அம்மா இந்நேரம் சோறு வடித்திருக்கும் என்றாள். அவ்வளவுதான் அந்தக் கல்யாணத்தின் மேளதாளம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். விஷயம்: இளைஞர்களின் இன்றைய நிலை. நிஜமாகவே அப்படித்தான் அறிவித்தார்கள். இளைஞர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. பெண்கள் நாங்கள் வாசல் பக்கம் நின்றோம். கிலாங் கெடுத்தது என்றார் ஒருவர். டிவி கெடுத்தது என்றார் இன்னொருவர், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே. மண்டோர் எழுந்து, பெற்றவர்கள் பேச்சைக் கேட்காத பிள்ளைகள் நாட்டுக்கே கேடு என்றார். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து வீராசாமி, மண்டோர் சொல்வது ரொம்பச் சரி என்றார். செருப்பு பறந்த நாளுக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது அப்போதுதான். கூட்டத்துக்கே ஒரு நிம்மதி. யாரோ இருவருக்கும் கோப்பி வாங்கிவரச் சொன்னார்கள்.

புஷ்பாவின் அம்மா லெட்சுமி வாசற்படியில் ஏறினார். ரப்பர் வெட்டுக்காட்டில் பால் எடுக்கும்போதும் அதிர்ந்து பேசாத மனுஷி. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க. சந்தோஷம். அப்ப எம்மவ கல்யாணத்த எதுக்கு நிறுத்துனீங்க? எங்க, சொல்லுங்க."

போரைப் பற்றி மாதக்கணக்கில் பேசியவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். மண்டோர் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டினார். லெட்சுமியம்மா இறங்கி வீட்டுக்கு வந்து, குத்துவிளக்கையும் இரண்டு பானையையும் மகளுக்குச் சீராகச் சாக்கில் கட்டி, எல்லாரும் பார்க்க எஸ்டேட் முச்சந்தியில் பஸ்ஸுக்கு நின்றார். மகளும் மருமகனும் புக்கிட் செலம்பாவில் வாடகைக்கு இருந்தார்கள். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனார். புருஷனிடம் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

பேரன் பிறந்ததும் வீராசாமி போனார், மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு. மண்டோர் போகவேயில்லை. எஸ்டேட்டை விற்று எல்லாரையும் கிளப்பிய பிறகு சுங்கைப் பட்டாணியில் மகன் வீட்டு அடுக்ககத்தில் இருந்தார்; கடைசியில் ஆஸ்பத்திரியில். லெட்சுமியம்மா அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தார். புஷ்பா வார்டுக்குப் போய் நின்றாள். அத்தனை வருஷம் கழித்து மகளைப் பார்த்த மனிதர், சுவர் டிவியைக் கைகாட்டி, சத்தம் கேட்கவில்லை, கூட்டி வை என்றார். கூட்டி வைத்தாள். வேறு ஏதோ நாட்டில் வேறு ஏதோ சண்டை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துவிட்டாள். இதை அவள் சொன்னபோது எனக்குத்தான் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை.

அம்மா மண்டபத்தில் பேசியதைப் புஷ்பா அறிந்திருக்கவில்லை. அம்மா சொல்லவில்லை, மகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். போன வருஷம் பேச்சுவாக்கில் வாயில் வந்தது. எங்கே நின்று பேசியது, காட்டு என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் மகன் காரில் அழைத்துப் போனான். லயம் இல்லை, கோயில் இல்லை, மண்டபம் இல்லை. எல்லாப் பக்கமும் செம்பனை, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். குழாய் இருந்த மேடாவது தெரிகிறதா என்று பார்த்தேன். மேட்டையும் இடித்துச் சமன் செய்திருந்தார்கள்.

புஷ்பா காத்துக்கொண்டு நின்றாள். நான் கொஞ்ச தூரம் நடந்து, ஏதோ ஒரு மரத்தடியைக் கைகாட்டி, இங்கேதான் என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றாள்.