சேகர் பள்ளம்

சந்திரசேகரனுக்குக் குறி பார்த்துச் சுட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவனே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். நாற்பதைத் தொடப்போகிற வயது, கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. இயந்திரத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். கைப்பேசி விளையாட்டில் துப்பாக்கியைத் தூக்கினால் மட்டும் எதிரியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் குண்டு படும்.

அப்படியும் வேலை முடிந்து ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு வந்து குளித்த கையோடு, இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "சுடத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க துப்பாக்கி?" என்பாள் மனைவி நவமணி. அவன் எங்கே சுடப் போனான்? பேசப் போனான். இந்த விளையாட்டைக் கண்டாலே முகம் சுளிப்பவர்களுக்கு இது புரியாது. அதில் பாதி சுடுவது, மீதி முழுக்க வாய்.

நான்கு பேர் கொண்ட அணி அது. சூலியா தெருவில் மாமாவின் நாணய மாற்றுக் கடையில் இருக்கும் ஃபிக்ரி, அவனுடைய சித்தி மகள் இமான், பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் சுபாஷினி, நான்காவது இவன். ஃபிக்ரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில்தான் முதலில் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து இவன் ஆடுவதை எட்டிப் பார்த்தவன், "அண்ணே, நீங்க சுடுறத பாத்தா எதிரிக்கே பாவமா இருக்கும் லா," என்றான். இறங்குவதற்குள் இருவரும் ஒரே அணி.

விளையாட்டில் ஒருவன் குண்டு பட்டு விழுந்தால் உடனே சாக மாட்டான். தரையில் தவழ்ந்துகொண்டிருப்பான். கூட்டாளி ஓடிவந்து தூக்கிவிட்டால் பிழைப்பான், தூக்காவிட்டால் உயிர்க்கோடு தேய்ந்து போய்ச் சேருவான். சந்திரசேகரனுக்குத் தெரிந்த ஒரே வித்தை இந்தத் தூக்குதல்தான். எத்தனை துப்பாக்கி வெடித்தாலும் "அண்ணே, தூக்குங்க!" என்று குரல் கேட்டால் போதும், நடுத்தெருவில் ஓடுவான். பல நேரம் போகிற வழியிலேயே இவனும் விழுவான். அப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தவழ்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் திட்டுவார்கள். ஜெயித்த ஆட்டங்கள் மறந்துபோகும். இப்படித் தோற்ற ஆட்டங்களைத்தான் மறுநாள் மக்கான் நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டே நினைத்துத் தனியாகச் சிரிப்பான்.

விளையாட்டின் வரைபடத்துக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான். உயரமான கட்டடத்துக்கு ஜார்ஜ் டவுன் கோபுரத்தின் பெயர், கொம்தார். எப்போது போனாலும் சாமான் குவிந்து கிடக்கும் வீடு மாமியார் வீடு. ஒரு பள்ளத்துக்கு மட்டும் மற்ற மூவரும் சேர்ந்து பெயர் வைத்தார்கள். எதிரி மேல் எறிய வேண்டிய வெடிகுண்டைத் தன் காலடியிலேயே போட்டு, சந்திரசேகரன் தன் அணியையே மண்ணைக் கவ்வ வைத்த இடம் அது. சேகர் பள்ளம் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

இப்படி இருக்கும்போது ஒரு பேரங்காடியில் அணிகளுக்கான போட்டி என்று அறிவிப்பு வந்தது. சந்திரசேகரன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். சனிக்கிழமை ஷிஃப்டை வேறு ஆளிடம் கைமாற்றினான். நான்கு பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை எடுக்கலாமா என்று கேட்டு எல்லாரையும் படுத்தி எடுத்தான். அந்த வாரமே ஃபிக்ரி அழைத்தான்.

"போட்டி கேன்சல் அண்ணே. ஸ்பான்சர் பண்றவன் ஓடிட்டான்."

"அட, போனா போவுது லா. அடுத்த வருசம் பாத்துக்குவோம்," என்று இவன்தான் அவனைத் தேற்றினான். மாற்றிய ஷிஃப்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வேலைக்கும் போனான்.

வேலை முடிந்து ஃபெரியில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தால், அந்தப் போட்டி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தாகி மறுபடி நடத்துகிறார்கள் போல, ஃபிக்ரிக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் அந்த வெள்ளந்தி மனுஷன் முதலில் நினைத்தான். அப்புறம் சுபாஷினி சிரிக்கும் சத்தம் கேட்டது. மேடையில் ஃபிக்ரி, இமான், சுபாஷினி. நான்காவது நாற்காலியில் யாரோ கல்லூரி மாணவன், ஹைருல் என்று பெயர் போட்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை.

காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். அணைத்துவிட நினைத்தான், கை வரவில்லை. "கொம்தார் மேல ஒருத்தன்!" என்று கத்தினாள் இமான். "சேகர் பள்ளத்துக்குப் போவாத, வலது பக்கம் வா!" என்றான் ஃபிக்ரி.

"யாரு பிரதர் சேகர்?" என்று கேட்டான் ஹைருல்.

"யாரும் இல்ல லா. சும்மா ஒரு பேரு."

ஃபிக்ரி நல்ல ஓட்டத்தில் இருந்தான், யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்ததனால்தான் சந்திரசேகரனுக்கு வலித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அன்று சாயங்காலம் செய்தி வந்தது. "அண்ணே, வாங்க. ஆளு குறையுது." கூப்பிட்டவன் ஃபிக்ரி. சந்திரசேகரன் இயர்போனை மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குள் போனான். அவர்களாகச் சொல்லிவிடுவார்கள், சொன்னால் போதும், மறந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"இன்னிக்கு எங்கயும் போவலையா தம்பி?"

"எங்க அண்ணே போறது? கடையில ஒரே கூட்டம்."

இமான் அவசரமாக, "மாமியார் வீட்டுல எறங்கலாமா?" என்றாள். இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஃபிக்ரிக்குக் குண்டு பட்டது. விழுந்த இடம் சந்திரசேகரனுக்குப் பக்கத்துச் சுவர்.

"அண்ணே, தூக்குங்க!"

சந்திரசேகரன் நின்றான்.

"அண்ணே! லைன் போயிருச்சா?"

"இல்ல தம்பி. பக்கத்துலதான் நிக்கிறேன்."

கோடு தேய்ந்துகொண்டே வந்தது. அவனுடைய கட்டைவிரல் ஓடு ஓடு என்று துடித்தது. அதை மடக்கி உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டான். ஃபிக்ரி செத்தான்.

"என்னா அண்ணே இது!"

"எனக்குச் சுட வராதுன்னு எனக்கே தெரியும். வேற ஆளை வெச்சிக்கிறோம்னு சொல்லியிருந்தா, முன்வரிசையில உக்காந்து கத்தியிருப்பேனேடா."

ஃபிக்ரியை அவன் ஒருநாளும் 'டா' போட்டதில்லை. "அண்ணே, அது வந்து..." என்று இமான் ஆரம்பித்தபோது இயர்போனைக் கழற்றினான்.

நவமணி துணி மடித்துக்கொண்டே, "இன்னிக்கு சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"ஃபிக்ரி விழுந்துட்டான். கூப்பிட்டான். நான் தூக்கல."

"விளையாட்டுலதானங்க?"

"இல்ல," என்றான் சந்திரசேகரன். அழுகை வந்தது. அவன் அதை மறைக்கவில்லை.