ஒற்றைக் கண்ணால் பார்த்த பூ

விழுப்புரத்தில் பேருந்தில் ஏறி என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மாளுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி, மடி நிறைய மல்லாட்டை, அதாவது அவித்த வேர்க்கடலை. திண்டிவனம் போகும் வழியில், வேலிகளில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ தெரியும்போதெல்லாம் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணுல தூசியாம்மா?"

"இல்லீங்க. அது கண்வலிப்பூ. பாத்தா கண்ணு வலிக்குமாம். ஆனா அழகா இருக்குதே! அதான் ஒத்தக் கண்ணால பாத்துக்கினு வர்றேன்."

"எங்க ஊர்ல அதுக்குக் கார்த்திகைப்பூனு பேருங்க."

"நெசமாவா? அந்தப் பேருல வலியே இல்லியே!"

அடுத்த வேலி வந்ததும் இரண்டு கண்களையும் அகல விரித்து, ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்தார். "ஐயோ, இத்தினி வருசமா பாதிப் பூவத்தான் பாத்துக்கினு இருந்தேனா!" என்று அவர் கூவியதும் பேருந்தே சிரித்தது.

மயிலத்தில் சிரித்தபடியே இறங்கிப் போனார். நிஜமாகவே பயந்திருந்தாரா, என்னோடு விளையாடினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.